வாக்குமூலத் தாளிலிருந்து சட்டத் திருத்தம் வரை

சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 22ஆம் பிரிவு சிறியது. விசாரிக்கப்படுபவர் சொல்வதை எழுத்தில் பதிய வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் புரியாதவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் கையெழுத்திட வேண்டும். இந்த நான்கில் ஏதேனும் ஒன்று நழுவினால், அன்று அந்த அறையில் யாருக்கும் உறைக்காது. பல மாதங்கள் கழித்து, நீதிமன்றத்தில், ஒருவருடைய சிறைவாசமோ உயிரோ ஊசலாடும்போதுதான் அது வெளியே தெரியும். காவல்துறை தன் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு சட்டம் படிக்க வருபவர், அனைத்துலக உடன்படிக்கைகளைப் புரட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு பிரிவை வரி வரியாக அறிந்திருக்க வேண்டும். இங்கே பேசப்பட்ட பெரிய வழக்குகள் பலவும் இப்படி ஒரு தாளில் இருந்த குறையைப் பிடித்து இழுத்தபோது வெளிவந்தவை.

மொழிபெயர்ப்பில் மாறும் குற்றம்

தமிழ் பேசுபவர்களுக்கு மூன்றாவது கட்டளைதான் கனமானது. வாக்குமூலம் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர் தமிழில் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்குகிறார். அதிகாரி தட்டச்சு செய்கிறார். பிறகு அந்த ஆங்கிலம் மீண்டும் தமிழாகி அவர் காதுக்கு வருகிறது. கோப்பில் தங்குவது நடுவில் இருந்த ஆங்கிலம் மட்டுமே. அவர் வாயிலிருந்து வந்த தமிழ்ச் சொல், ஒலியோ காணொளியோ பதிவாகியிருந்தால் ஒழிய, காற்றோடு போய்விடுகிறது.

என்ன போகிறது என்று பார்ப்போம். ‘கை வச்சேன்’ என்றால் தொட்டேன், அடித்தேன், திருடினேன், ஒரு வேலையைத் தொடங்கினேன் என்று நான்கு பொருளும் உண்டு. எது என்பதை முன்பின் பேச்சுதான் காட்டும். ‘கொன்னுடுவேன்’ என்பதை அம்மா பிள்ளையிடம் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வார். அதையே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் எழுதினால் தண்டனைச் சட்டத்தின் 506ஆம் பிரிவில் வரும் மிரட்டல் குற்றத்தின் சாயல் விழுந்துவிடும். ‘அவன் பையை எடுத்தானாம்’ என்று ஒருவர் சொல்கிறார். அந்த ‘ஆம்’, தான் பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சிறு ஒட்டுக்கு இடமில்லை. அவசரத்தில் ‘அவன் பையை எடுத்தான்’ என்று மட்டும் பதிவாகும். கேள்விப்பட்டது கண்ணால் கண்டதாக மாறிவிடுகிறது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 62ஆம் பிரிவு சொல்லும் நிலையில், இது சிறிய மாற்றமே இல்லை.

‘நாங்க’ இன்னும் ஆபத்தானது. ஒரே அறையில் தங்கி, ஒரே லாரியில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் ‘நாங்க’ என்றே சொல்வார்கள். ‘நாங்க போனோம், சண்டையாயிடுச்சு’ என்பதில் சொல்பவர் கை ஓங்கினாரா, ஓரமாக நின்றாரா என்பது இல்லவே இல்லை. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்த செயலுக்கு ஒவ்வொருவரையும் பொறுப்பாக்குகிறது. ‘நாங்க’ என்ற சொல்லை ‘யார் யார், யார் என்ன செய்தார்’ என்று பிரித்துக் கேட்காத வாக்குமூலம், ஒருவர் செய்ததை ஐவர் தலையில் கட்டிவிடக்கூடும்.

பிறகு ‘சரிங்க சார்’. மூத்தவரோ அதிகாரியோ பேசும்போது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று காட்டும் மரியாதைச் சொல் அது. எழுதியதைப் படித்துக் காட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் ‘சரிங்க சார்’ என்று வந்தால், படித்துக் காட்டப்பட்டது, திருத்தம் ஏதுமில்லை, சரி என்று ஒப்புக்கொண்டார் என்று தாளில் ஏறும். உண்மையில் அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மரியாதையாக இருந்தார், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்யும் தற்காப்பு வழக்கறிஞர் இந்த இடங்களைக் குறுக்கு விசாரணையில் பிடிப்பது கடினம், ஏனென்றால் அவருக்கு முன்னால் இருப்பது ஆங்கிலத் தாள் மட்டும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த சட்ட மாணவரால் இங்கே வேறு யாரும் தரமுடியாத உதவியைத் தர முடியும். ஆனால் பள்ளித் தமிழ் மட்டும் போதாது. தேர்வுக்குக் கட்டுரை எழுதப் பழகிய தமிழுக்கும், இராமநாதபுரத்துக்காரர் பதற்றத்தில் பேசும் தமிழுக்கும் இடைவெளி அதிகம். அதைக் கடக்க அவர்கள் கூடும் இடங்களில் உட்கார்ந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு தீர்ப்புகள்

2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய காதர் வழக்குத் தீர்ப்பு இந்தத் துறையின் அரிச்சுவடி. பூன் லேயில் 2005இல் நடந்த ஒரு கொலைக்காக இரு சகோதரர்கள் மரண தண்டனை பெற்றிருந்தனர். நீதிபதி வி. கே. ராஜா எழுதிய தீர்ப்பு, காவல்துறை வாக்குமூலம் பதிந்த முறையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தது. பேசிய நேரத்திலேயே எழுதாமல் பிறகு எழுதியது, கொடுக்க வேண்டிய எச்சரிக்கையைக் கொடுக்காதது ஆகியவற்றை அது சுட்டியது. அப்படிப் பெற்ற வாக்குமூலம் உண்மையை நிறுவுவதைவிடக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதிகக் கேடு செய்யுமானால் நீதிமன்றம் அதை ஒதுக்கலாம் என்றது. இன்னொன்றும் வெளிவந்தது: வீட்டுக்குள் ஒரே ஒருவர்தான் வந்தார் என்று இறந்தவரின் கணவர் காவல்துறையிடம் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலம் தற்காப்புத் தரப்புக்கு வெகு தாமதமாகவே தரப்பட்டது. இரண்டாவது சகோதரர் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். தனக்குப் பாதகமான, தான் பயன்படுத்தப்போகாத ஆதாரத்தையும் அரசுத் தரப்பு வெளியிட வேண்டிய கடமை அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது. 2020 மார்ச்சில் நபில் வழக்கில், முக்கியச் சாட்சிகளின் வாக்குமூலங்களுக்கும் அந்தக் கடமை நீண்டது.

மாணவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. 22ஆம் பிரிவு மீறப்பட்டால் வாக்குமூலம் தானாகவே செல்லாது என்று எழுதிவிடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மிரட்டல், ஆசைகாட்டல், வாக்குறுதி ஆகியவற்றால் பெறப்பட்ட வாக்குமூலத்தை 258ஆம் பிரிவு ஒதுக்குகிறது. ஆனால் பதிவு செய்த அதிகாரியோ மொழிபெயர்ப்பாளரோ விதியை முழுமையாகப் பின்பற்றவில்லை என்பது மட்டுமே அதை ஒதுக்கக் காரணமாகாது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆகவே பிழை நடந்தது என்று காட்டுவதோடு வேலை முடியாது. அந்தப் பிழையால் எந்த வரி, எந்தச் சொல் நம்பத்தகாததாயிற்று என்பதைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன ‘ஆம்’, ‘நாங்க’ போன்ற நுணுக்கங்கள் அந்த இடத்தில்தான் எடைபெறுகின்றன. ஒருவர் விருப்பத்தோடு சொன்னாரா என்ற சர்ச்சை எழுந்தால் 279ஆம் பிரிவின்படி வழக்குக்குள்ளேயே தனியாக ஒரு துணை விசாரணை நடக்கும். விருப்பத்தோடுதான் சொன்னார் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்புடையது.

இரண்டாவது தீர்ப்பில், 2020 செப்டம்பர் 4ஆம் தேதி, உயர் நீதிமன்றம் பார்தி லியானி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணை விடுவித்தது. முன்னாள் முதலாளி வீட்டில் திருடியதாக அவருக்கு 2019இல் 26 மாதச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. அவர் பேசுவது பஹாசா இந்தோனேசியா. வாக்குமூலங்கள் சிலவற்றைப் பதிந்தபோது இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளர் இல்லை. புகார் வந்து ஏறத்தாழ 5 வாரங்கள் கழித்துத்தான் காவல்துறை அந்த வீட்டுக்குச் சென்றது. இடைப்பட்ட நாள்களில் பொருள்கள் யார் கையில் எப்படி இருந்தன என்ற தொடர்ச்சி அறுந்துபோயிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அன்றைய உள்துறை, சட்ட அமைச்சர் கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் இதற்கு நீண்ட விளக்கம் தந்தார். புலன்விசாரணை அதிகாரி மீதிருந்த பிற வழக்குகளின் சுமையும் அதில் பேசப்பட்டது. அந்தச் சுமையைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடக்கூடாது. தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும். ஒரு அதிகாரி கையில் எத்தனை கோப்புகள் என்பதும் பொறுப்புக்கூறலின் ஒரு பகுதிதான்.

வழக்கறிஞர் வருவதற்கு முன்

இந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது எழுதப்படும்போது வழக்கறிஞர் பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் விதி சொல்கிறது. எப்போது என்று சொல்லவில்லை. 1994இல் ஜஸ்பீர் சிங் வழக்கில் இரண்டு வாரம் நியாயமான காலமாக ஏற்கப்பட்டது. உரிமை உடனடியாகக் கிடைத்துவிடாது, நியாயமான காலத்துக்குள் கிடைத்தால் போதும் என்ற நிலையை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு தடவைக்கு 8 நாள் வரை தடுப்புக் காவலை நீட்டிக்கலாம். அதற்கிடையே 23ஆம் பிரிவின் எச்சரிக்கை வாக்குமூலமும் வந்துவிடுகிறது: தற்காப்பாகச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லாமல் வைத்திருந்து பிறகு சொன்னால் நீதிபதி நம்புவது குறையலாம் என்று அதில் எச்சரிக்கப்படும். பேசினாலும் ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து என்ற அந்த இக்கட்டில் ஆலோசனை சொல்ல யாருமில்லை. கைதான சில மணி நேரத்துக்குள் வழக்கறிஞரைச் சந்திக்க வழி வேண்டும் என்பது இங்குள்ள சீர்திருத்தக் கோரிக்கைகளில் முதலிடத்தில் வைக்கத்தக்கது. மற்றவை எல்லாம் அதற்கு மாற்றாகச் செய்யப்படும் ஒட்டுவேலை என்றுகூடச் சொல்லலாம்.

காவலரை யார் விசாரிப்பது

1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் சுமார் 400,000 வெள்ளி மதிப்புள்ள 1,800 பவுண்டு அபின் கடத்திச் செல்லப்பட்டது. அதில் காவல்துறைத் துப்பறிவாளர்களே சம்பந்தப்பட்டிருந்தனர். அன்று ஊழலை விசாரித்துக்கொண்டிருந்தது காவல்துறைக்குள்ளேயே இருந்த ஒரு சிறு பிரிவு. தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரிக்க முடியாது என்று தெரிந்தபின் 1952இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தனியாகப் பிறந்தது. இன்று அது பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. பிரதமர் ஒரு விசாரணைக்கு இசையாவிட்டால், அதிபரின் இசைவோடு அதைத் தொடர இயக்குநருக்கு அரசமைப்பின் 22ஜி விதி வழிவிடுகிறது. காவல்துறைக்கு வெளியே ஒரு விசாரணை அமைப்பு என்றால் அது மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் பேசுவார்கள். அப்படிப்பட்ட அமைப்புகளில் ஆசியாவிலேயே மூத்த ஒன்று இதே ஊரில், ஒரு காவல்துறை முறைகேட்டிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்கள் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த வேலி ஊழலுக்கு மட்டும். கை ஓங்கியது, தரக்குறைவாகப் பேசியது, வாக்குமூலத்தைத் திரித்தது போன்ற புகார்கள் காவல்துறையின் சொந்த உள்விவகாரப் பிரிவுக்குப் போகின்றன. புகார் செய்பவர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆம் பிரிவின் கீழ் நேராக நீதிபதியிடமும் போகலாம். நீதிபதி அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்து, மேற்கொண்டு புலன்விசாரணை செய்யச் சொல்லலாம். அந்த உத்தரவும் பெரும்பாலும் காவல்துறைக்கே போய்ச் சேரும். வழக்குத் தொடுப்பதா, நிறுத்துவதா என்ற இறுதி அதிகாரம் தலைமைச் சட்ட அதிகாரியுடையது. சித்திரவதை செய்து வாக்குமூலம் பெறுவது தண்டனைச் சட்டத்தின் 330, 331 பிரிவுகளில் தனிக்குற்றம் என்பதையும் பலர் அறிந்திருப்பதில்லை.

காவலில் ஒருவர் இறந்தால் 2010ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டம் கட்டாய விசாரணையைக் கோருகிறது. நெருங்கிய உறவினர் அதில் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதை மட்டுமே மரண விசாரணை அதிகாரி கண்டறிவார். யார் மீது குற்றம் என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. இதிலும் ஒரு பொத்தல் உண்டு. 2010 செப்டம்பரில் சாங்கிச் சிறையில் அதிகாரிகள் அடக்கிப் பிடித்தபோது 21 வயது கைதி ஒருவர் மூச்சுத் திணறி இறந்தார். 2013இல் மேற்பார்வை அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 வெள்ளி அபராதம் செலுத்தினார். அத்தோடு மரண விசாரணை நிறுத்தப்பட்டது. ஒப்புதல் வழக்கில் சாட்சிகள் கூண்டேற மாட்டார்கள். ஆகவே அன்று அந்த அறையில் நடந்ததைக் குடும்பத்தார் திறந்த நீதிமன்றத்தில் கேள்வி கேட்டு அறியும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று. அது சிறைத்துறை சார்ந்த சம்பவம் என்றாலும் காவல்துறைக் காவலுக்கும் சட்டம் ஒன்றுதான்.

பெரிய சம்பவங்களுக்கு விசாரணைக் குழு அமையும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழக ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் நால்வர் குழு பகிரங்கமாக விசாரித்து 2014 ஜூனில் அறிக்கை தந்தது. அன்றைய காவல்துறை ஆணையர் தமக்கு இன்னும் 1,000 அதிகாரிகள் தேவை என்று சாட்சியமளித்தது அந்த விசாரணையில்தான். முடிவுகளோடு உடன்படுவதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். யார் எப்போது அழைத்தார், யார் எப்போது வந்தார், யாரிடமிருந்து கட்டளை வரவில்லை என்று நிமிடக் கணக்கில் நிகழ்வை அடுக்கும் கலைக்கு அந்த அறிக்கை நல்ல பாடநூல்.

படிக்கும் ஆண்டுகள்

தேசியப் பல்கலைக்கழகம், நிர்வாகப் பல்கலைக்கழகம், சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என மூன்று சட்டப் பள்ளிகள் இங்கே உள்ளன. மூன்றாவது 2017இல் குற்றவியல், குடும்பச் சட்டங்களுக்கு அழுத்தம் தந்து தொடங்கப்பட்டது. எதில் படித்தாலும் குற்றவியல் சட்டம், அரசமைப்புச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவை வெவ்வேறு பருவங்களில் வருவதால் மாணவர்கள் வெவ்வேறு பாடங்களாகவே நினைத்துவிடுகிறார்கள். ஒரே வாக்குமூலத்தை மூன்று சட்டங்களின் கண்ணாலும் பார்க்கப் பழகியவருக்குப் பின்னால் வேலை எளிது.

ஹேவ்லாக் சதுக்கத்திலுள்ள அரசு நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வாரம் ஒரு காலைப்பொழுதை அங்கே செலவிடுங்கள். கைபேசியில் பதிவு செய்யவே கூடாது, அது நீதிமன்ற அவமதிப்பு. குறிப்பேடும் பேனாவும் போதும். கைதான தேதி, முதல் முறை முன்னிறுத்தப்பட்ட தேதி, எத்தனை நாள் தடுப்புக் காவல் கேட்கப்பட்டது, என்ன காரணம் சொல்லப்பட்டது, வழக்கறிஞர் இருந்தாரா, எந்த மொழியில் பெயர்க்கப்பட்டது, பெயர்த்து முடிக்கும் முன்பே குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையசைத்தாரா என்று ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி எழுதுங்கள். இங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லை. ஆகவே 50, 100 வழக்குகளுக்கு இப்படிச் சீராக எடுத்த குறிப்பு, வேறெங்கும் கிடைக்காத தகவல் திரட்டாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கவனத்தை ஈர்த்த வழக்கை மட்டும் எழுதினால் அது பயன்படாது. அந்த அறையில் அன்று வந்த எல்லா வழக்கையும் எழுத வேண்டும்.

சட்ட மாணவர்கள் பட்டம் பெறும் முன் குறைந்தது 20 மணி நேரம் இலவசச் சட்டச் சேவை செய்ய வேண்டும். கணக்கைத் தீர்க்கும் கடமையாக அதைப் பார்க்காமல், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம், டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுன்ட் டூ போன்ற அமைப்புகளில் செலவிடுவது நல்லது. பார்தி லியானியின் வழக்கில் இலவசமாக வாதாடியவர் ஹோம் அமைப்பின் மூலம் வந்தவர்தான். 2022 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமானது. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தமிழ் ஊழியர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார். தமிழ் தெரிந்த தொண்டூழியர் அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

பட்டத்துக்குப் பிறகு வழக்கறிஞர் தேர்வின் இரண்டாம் பகுதி. பயிற்சிக் காலம் 2024 முதல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாகியிருக்கிறது. எங்கே பயிற்சி பெறுவது என்பது பெரிய கேள்வி. தற்காப்புத் தரப்பு என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆனால் வாக்குமூலத்தை முதலில் படிப்பவர் துணை அரசாங்க வழக்கறிஞர். காதர் தீர்ப்பு சுமத்திய கடமையைத் தினமும் நிறைவேற்றுபவரும் அவரே. மோசமான வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்பும் ஓர் அரசுத் தரப்பு வழக்கறிஞர் தடுக்கும் அநீதி யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால் அது குறைவானதும் அல்ல. தேசிய சேவையைக் காவல்துறையில் செய்த இளையர்களுக்கும் இங்கே இடமுண்டு. இரவு வேலையில் அறிக்கை எழுதும் களைப்பு என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

சறுக்கும் இடங்கள்

படிக்கும்போதே ஆர்வக்கோளாறில் சட்ட ஆலோசனை தருவது முதல் சறுக்கல். பதிவு பெறாதவர் வழக்கறிஞராகச் செயல்படுவதைச் சட்டத்தொழில் சட்டம் குற்றமாக்குகிறது. ‘கையெழுத்துப் போடாதீங்க’, ‘அந்த மெசேஜை அழிச்சிடுங்க’ என்று ஓர் ஊழியரிடம் சொல்வது, தண்டனைச் சட்டம் 204ஏ பிரிவின் கீழ் நீதிக்கு இடையூறு என்றே பார்க்கப்படலாம். பாதிக்கப்படுபவர் அந்த ஊழியர்தான். நடந்ததைத் தேதிவாரியாக எழுதிக்கொள்ள உதவலாம், பதிவு பெற்ற வழக்கறிஞரிடம் அழைத்துப் போகலாம்.

வழக்கு நடக்கும்போது அதைப் பற்றி இணையத்தில் தீர்ப்புச் சொல்வது 2016ஆம் ஆண்டின் நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். அனுதாபமுள்ள அதிகாரி நீட்டும் உள் ஆவணத்தை வாங்குவதே அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி ஒருவர் தனியாகப் பதாகையோடு நின்றாலும் அது கூட்டம்தான், அனுமதி தேவை. ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டு ஊழியரை அங்கே அழைத்துப்போய் நிறுத்துவது அவரைச் சிக்கலில் தள்ளும். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் சங்கங்கள் சட்டப்படி பதிவு தேவை. 1986இல் நடந்த திருத்தத்துக்குப் பின் வழக்கறிஞர் சங்கமே, தன்னிடம் கருத்துக் கேட்கப்பட்ட சட்டங்களைப் பற்றி மட்டும்தான் அரசாங்கத்துக்கு உதவலாம் என்ற நிலை. இந்த வேலிகள் இறுக்கமானவை, சிலவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவை எங்கே நிற்கின்றன என்று தெரியாமல் முட்டிக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை.

மாற்றம் கேட்பது

2016 ஜனவரியில் 14 வயது மாணவன் ஒருவன், பள்ளியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு விசாரிக்கப்பட்ட அன்றே இறந்தான். பெற்றோரோ வேறு எவருமோ விசாரணையில் அவனோடு இல்லை. ஊர் கொதித்தது. 2017 ஏப்ரலில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட சந்தேக நபர்களோடு, பயிற்சி பெற்ற ஒரு பெரியவர் உடனிருக்கும் திட்டம் தொடங்கியது. அவர் நடுநிலையாளர், சட்ட ஆலோசனை சொல்லமாட்டார். பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா, களைத்துவிட்டதா என்று பார்ப்பார். கேட்டவர்களில் பலர் பெற்றோரே உடனிருக்க வேண்டும் என்றனர். அது கிடைக்கவில்லை. கிடைத்தது இது. இதற்கு முன்பே, 2013இல், மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்காக இதே போன்ற ஏற்பாடு முன்னோடித் திட்டமாக நடந்திருந்ததால்தான் ஓராண்டு சிறிது கடந்ததுமே இதை நடைமுறைப்படுத்த முடிந்தது. ஏற்கனவே இயங்கும் ஒன்றை நீட்டிக்கும்படி கேட்பது இங்கே வேகமாகப் பலிக்கிறது.

கேட்கும் வழிகள் மூன்று. முதலாவது, நாடாளுமன்றக் கேள்வி. தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய்க் கேள்வியின் வாசகத்தையே கையில் கொடுக்கலாம். ‘காவல்துறை நியாயமாக நடக்கிறதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று பதில் வரும். ‘கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக, தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம் பதிந்த வாக்குமூலங்கள் எத்தனை, அவற்றில் காணொளியாகப் பதிந்தவை எத்தனை’ என்று கேட்டால் எண் வரும், அல்லது ஏன் எண் இல்லை என்ற காரணம் வரும். இரண்டுமே பயனுள்ளவை. இரண்டாவது, மசோதா மீதான பொதுக் கலந்தாய்வு. குற்றவியல் நடைமுறைத் திருத்தங்களுக்கு 2017 ஜூலை, ஆகஸ்டில் ஒரு மாதம் அவகாசம் தரப்பட்டது. முன்னதாகவே குறிப்புகள் தயாராக இல்லாதவர்களுக்கு ஒரு மாதம் போதாது. மூன்றாவது, ஐநா மனித உரிமை மன்றத்தின் மீளாய்வு. சிங்கப்பூர் 2011, 2016, 2021 ஆண்டுகளில் அதற்கு உட்பட்டது. தனி அமைப்பு 2,815 சொற்களும், கூட்டாக அனுப்புபவர்கள் 5,630 சொற்களும் எழுதலாம். அளவு மீறினால் ஏற்கமாட்டார்கள்.

காணொளிப் பதிவுக்கு 2018ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சீர்திருத்தச் சட்டம் வழி திறந்தது. கடும் பாலியல் குற்றங்களில் அது தொடங்கியது. எல்லா விசாரணைக்கும் கட்டாயமில்லை. ஏற்கனவே இயங்கும் அந்த ஏற்பாட்டை நீட்டிக்கும்படி கேட்பதே தமிழ் பேசுபவர்களுக்கு நேரடியாக உதவும்: மொழிபெயர்ப்பாளர் அமர்ந்த ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் குறைந்தது ஒலிப்பதிவாவது இருக்க வேண்டும், 22ஆம் பிரிவின் நான்கு கட்டளைகளோடு அது ஐந்தாவதாகச் சேர வேண்டும். இதை எழுதி அனுப்புபவர் எதிர்பார்க்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒலிக்கோப்பை யார் வைத்திருப்பது, எத்தனை ஆண்டு, மேல்முறையீடு முடியும்வரையா அதற்கும் அப்பாலா, தற்காப்புத் தரப்புக்கு அது எந்தக் கட்டத்தில் கிடைக்கும், இரகசியத் தகவல் தருபவரின் குரல் அதில் இருந்தால் என்ன செய்வது, கருவி பழுதானால் அந்த வாக்குமூலத்தின் கதி என்ன? இவற்றுக்கு விடை எழுதாமல் அனுப்பிய மனு முதல் வாசிப்பிலேயே ஒதுக்கப்படும். கருவி பழுதானால் அதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும், அந்தக் காரணம் பொருந்துகிறதா என்பதைத் துணை விசாரணையில் நீதிபதி முடிவு செய்ய வேண்டும் என்பது ஏற்கத்தக்க ஒரு விடை.